சபாக்கள் கூட்டமைப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: மாதம் ஒரு கச்சேரி நடத்தும் சின்ன சபா எங்களுடையது. பக்கத்து ஊர் சபாக்களோடு சேர்ந்து கூட்டமைப்பு தொடங்கலாம் என்கிறார்கள். நிதி கிடைக்குமா?

பதில்: நிதியை நம்பி இறங்காதீர்கள். கைமேல் கிடைக்கும் பலன், தேதிதான். வெளியூர் வித்வான் வெள்ளி உங்கள் ஊரிலும் சனி, ஞாயிறு அடுத்த இரண்டு ஊர்களிலும் பாடினால், ரயில் செலவை மூன்று சபாக்கள் பங்கிடலாம். பாடகரிடம் மட்டும் தேதி வாங்கிவிட்டு இருந்துவிடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மிருதங்கக்காரர் சனிக்கிழமைக்கு வேறு இடத்தில் ஒப்புக்கொண்டிருப்பார். வயலின், மிருதங்கம் இரண்டுக்கும் மூன்று நாளையும் உறுதி செய்த பிறகே அழைப்பிதழ் அச்சுக்குப் போகட்டும்.

2020 மார்கழியில் சென்னை சபாக்களின் கூட்டமைப்பு, கலாகேந்திரா என்ற இணையதளத்தோடு இணைந்து 'யுவர்ஸ் ட்ரூலி மார்கழி' என்று சீசனை இணையத்தில் நடத்தியது. கேமரா, ஒலிப்பதிவு, டிக்கெட் தளம் அத்தனையையும் ஒரு சிறு சபா தனியாகச் சுமப்பது கடினம்; கூட்டமைப்பாக இருந்தால் பங்கிடலாம்.

கேள்வி: சன்மானத்துக்கு உச்சவரம்பு வைத்து, எல்லோரும் அதற்குமேல் தருவதில்லை என்று தீர்மானம் போடலாமா?

பதில்: வேண்டாம். போட்டியாளர்கள் கூடி விலையை நிர்ணயிப்பது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 3ஆம் பிரிவில் மாட்டும். சங்கத் தீர்மானம் என்பதால் தப்பிவிட முடியாது.

கேள்வி: மொத்த சன்மானத்தையும் பாடகர் பெயரிலேயே காசோலையாகத் தருகிறோம். சரியா?

பதில்: வழக்கம்தான், ஆனால் தொல்லை. பக்கவாத்தியக்காரர்கள் பங்குக்குமான வருமானமும், அதில் முன்கூட்டியே பிடிக்கும் வரியான டி.டி.எஸ்.ஸும் பாடகரின் பான் எண்ணில் ஏறிவிடும். சாஸ்திரிய இசைக் கலைஞரின் சன்மானத்துக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 1,50,000 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. மொத்தமாகத் தந்தால் அந்த வரம்பைத் தாண்டிய கணக்கும் வரலாம். ஆளுக்கு ஆள் தனித்தனியாக வங்கியில் செலுத்துங்கள். டிக்கெட்டுக்கும் விலக்கு இருக்கிறது: ஆளுக்கு 500 ரூபாய் வரை.

கேள்வி: பாடல்களுக்கு உரிமத் தொகை கேட்கிறார்கள். தியாகராஜர் கீர்த்தனைக்குமா?

பதில்: தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்திகளின் பாடல்களுக்கு யாரும் கேட்க முடியாது. பாடலாசிரியர் காலமானபின் 60 ஆண்டுகள் வரையே பதிப்புரிமை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். ஆகவே அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உண்டு. இன்றைய வித்வான்கள் இயற்றிய தில்லானா, வர்ணங்களுக்கும் உண்டு. அமெச்சூர் சங்கம் இலவசமாக நடத்தும் நிகழ்ச்சிக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. சன்மானம் வாங்கிப் பாடும் கச்சேரி அதில் அடங்குமா என்பது விவாதத்துக்குரியது. இதற்கான வழக்கறிஞர் கட்டணத்தைக் கூட்டமைப்பு பகிர்ந்துகொண்டால் ஒருவர்மேல் விழாது.

எந்தெந்தப் பாடல்கள் என்பது பல நேரம் மேடையில்தான் முடிவாகும். ஒரு தொண்டரை முதல் வரிசையில் உட்காரவைத்துப் பாடல், ராகம், இயற்றியவர் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். தொகை கேட்டு வந்தால் அந்தத் தாள்தான் பேசும். யூட்யூபில் ஏற்றுவதென்றால் பக்கவாத்தியக்காரர் உட்பட எல்லோரிடமும் கச்சேரிக்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். 'எந்தரோ மஹானுபாவுலு'வுக்குக்கூட ஏதோ ஒரு நிறுவனத்தின் ஒலிப்பதிவு என்று தானியங்கி உரிமைக் கோரிக்கை வரும். மறுக்கும்போது அந்தத் தாளிலிருந்தே விவரம் கொடுங்கள்.