தொழுவத்துக் கேள்வி: கொடைச் சோறு தின்ன மாடு

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஊரு அம்மன் கோயில் கொடையில ஒரு அண்டா சோறு மிஞ்சிப்போச்சு, சாம்பார் பாயசமெல்லாம் சேத்து கறவை மாட்டுக்கு வச்சேன், அதுவும் ஆசையா குடிச்சுது. மறுநாள் அசை போடல, படுத்தே கெடக்கு, சாணி மாவு கரைச்ச மாதிரி புளிச்ச வாடையோட போவுது. கண்ணேறுன்னு மொளகா சுத்திப் போட்டோம். பொறவு டாக்டர் வந்து ட்ரிப்ஸ் ஏத்தி பொழைச்சுக்கிட்டு. இப்ப ஒரு மாசம் கழிச்சு முன்னங்கால் நொண்டுது. நாங்களும் அதே சோத்தத்தான தின்னோம், எங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: பொழைச்சுக்கிட்டுல்லா, அது போதும்மா. கண்ணேறுமில்ல ஒண்ணுமில்ல, சோறுதான் காரணம், அதுவும் நல்ல சோறுங்கிறதாலதான்.

மாட்டு வயித்துல நாலு அறை, அதுல மொத அறை பெரிய கறவை மாட்டுக்கு 100 லிட்டருக்கு மேல புடிக்கும், அத நம்ம மாவு புளிக்க வைக்கிற பானை மாதிரி வச்சுக்கிடுங்க. வைக்கோலை செரிக்கிறது மாடு இல்ல, அந்தப் பானைக்குள்ள இருக்க கோடிக்கணக்கான நுண்ணுயிரிங்கதான், அதுங்க புளிக்க வச்சுக் குடுக்கிறத மாடு உறிஞ்சிக்கிடும், அம்புட்டுதான். மாடு ஒரு நாளைக்கு 6லருந்து 8 மணி நேரம் அசை போடும், அப்ப ஊறுற எச்சி 100 லிட்டர் வரைக்கும் இருக்கும், அந்த எச்சியில சோடா உப்பு மாதிரி சரக்கு இருக்கிறதாலதான் பானை ரொம்பப் புளிக்காம pHங்கிற புளிப்பு அளவு (இது கொறையக் கொறைய புளிப்பு கூடும்) 6க்கும் 7க்கும் நடுவுல நிக்கி.

நீங்க வச்ச சோறு வெந்த சோறு, மெல்லவே வேண்டாம், வழுக்கிட்டுப் போயிரும், எச்சியும் ஊறாது. மாவுச்சத்தைத் திங்கிற புளிப்புக் கிருமிங்களுக்கு அன்னைக்கு கொடைதான், மடமடன்னு பெருகி லாக்டிக் அமிலமா கக்கும், அளவு 5.5க்குக் கீழ போனா வைக்கோல் செரிக்கிற கூட்டம் செத்துப்போவும். அதோட ஒடம்புல இருக்க தண்ணியெல்லாம் வயித்துக்குள்ள இழுத்துக்கிடும், கண்ணு குழி விழும், சாணி தண்ணியா போவும். டாக்டர் ட்ரிப்ஸ் ஏத்துனது அதுக்குத்தான். நம்ம வயித்துல இந்தப் புளிக்கிற பானை கெடையாது, அதான் ஒங்களுக்கு ஒண்ணும் ஆவல.

நொண்டுறதுக்கும் அதே சோறுதான் காரணமா இருக்கும். வயித்துல உண்டான விஷம் ரத்தத்துல கலந்து குளம்புக்குள்ள இருக்க சதையை வீங்க வைக்கும், அது வெளிய தெரிய சில வாரம் ஆவும். சிமெண்ட் தரையில கட்டாதிய, மண்ணு தரையில கட்டி டாக்டர வச்சு குளம்பைப் பாத்துருங்க.

கழனித்தண்ணி தெனமும் ஊத்துதோமே, அதுக்கு ஒண்ணும் ஆவலியேன்னு கேப்பிய. தெனமும் கொஞ்சங்கொஞ்சமா போறதால உள்ள இருக்க கூட்டம் பழகிக்கிடுது, திடீர்னு ஒரு அண்டாங்கிறதுதான் வெனை. எங்க ஆச்சி வளத்த கன்னி ரக வெள்ளாடு ஒண்ணு தானியக் குலுக்கை ஓரம் சிந்திக் கெடந்த கம்பை வயிறு முட்டத் தின்னுட்டு மறுநாளே போயிட்டு, ஆச்சி ஒரு வாரம் யாருட்டயும் பேசல.

அடுத்த கொடைக்கு, மாடு வைக்கோல் தின்ன பொறவு ரெண்டு மூணு கை அள்ளி வைங்க, மிச்சத்தைக் குழிக்கு விட்டுருங்க. தீவனம் எது மாத்துனாலும் 10, 15 நாள் எடுத்து மெல்ல மாத்தணும். இடது பக்கம் இடுப்பெலும்புக்கு முன்னால உள்ள குழியில கைமுட்டிய அமுக்கி வச்சுப் பாருங்க, ரெண்டு நிமிசத்துல ரெண்டு மூணு தடவை கையைத் தள்ளும், தள்ளலன்னா வயிறு நின்னுட்டுன்னு அர்த்தம். நின்னுக்கிட்டு இருக்க மாடுன்னா ஆப்ப சோடா 100 கிராம் தண்ணியில கரைச்சு நிதானமா குடுத்துட்டு 1962ங்கிற கால்நடை ஆம்புலன்ஸ் நம்பருக்குப் போன் போடுங்க. படுத்துட்ட மாட்டுக்கு வாயில எதையும் ஊத்தாதிய, நுரையீரலுக்குப் போயிரும்.

கேள்வி: மழை பேஞ்சு புல்லு மொளைச்சதும் கொழுத்த குட்டியா பாத்து துள்ளித் துள்ளி சாவுது, ஒல்லிக்குட்டி நல்லாருக்கு. எங்க கெடையில கீழக்கரிசல் ரக செம்மறி ஆடுதான்.
– வாசகர், மானூர்

பதில்: பேருலயே இருக்கே, துள்ளுமாரி. கிருமி வெளியிலருந்து வரல, ஆட்டுக் கொடல்லயே சும்மா கெடக்கும், எளம்புல்லை அளவில்லாம மேஞ்சதும் செரிக்காத சத்து கீழ எறங்கி அதுக்குத் தீனியாவுது, உடனே விஷத்தைக் கக்குது. கொழுத்தது நெறைய திங்கும், அதான் அது மொதல்ல போவுது. சாவ ஆரம்பிச்ச பொறவு வைத்தியத்துக்கு நேரமே இருக்காது, அதனால ஐப்பசி மழைக்கு முன்னாலயே கால்நடை ஆஸ்பத்திரியில ஊசி போட்டுருங்க, மொத தடவைன்னா ரெண்டு ஊசி, பொறவு வருசா வருசம். காலையில காஞ்ச தட்டை கொஞ்சம் தின்ன வச்சு, பனி ஈரம் காஞ்ச பொறவு பத்துங்க.

கேள்வி: தார் வெட்டுன வாழை மரத்தை மாட்டுக்குப் போடலாமா?
– ஸ்ரீவைகுண்டம்

பதில்: போடலாம், ஆனா அதுல 90 சதவீதத்துக்கு மேல தண்ணிதான், வயிறு நெறையும், ஆனா பால் அதிகமா கறக்காது. பொடியா நறுக்கி வைக்கோலோட கலந்து போடுங்க, புண்ணாக்க நிறுத்திராதிய. குருணை மாதிரி இருக்க பூச்சி மருந்து போட்ட தோட்டத்து மரம்னா தொடவே வேண்டாம்.