கடன் இருக்கும்போது காணிக்கை எப்படி?

கேள்வி: மாதத் தவணைகள் போகக் கையில் எதுவும் நிற்பதில்லை. போன மாதம் கைமாற்று வாங்கித் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுத்தேன். கணவருக்கு வருத்தம். கொடுக்காவிட்டால் சாபம் வருமோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: கைமாற்று வாங்கிக் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள், சகோதரி. இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே காணிக்கை அங்கீகரிக்கப்படும் என்கிறார் அப்போஸ்தலன் பவுல் (2 கொரிந்தியர் 8:12). அடுத்த அதிகாரத்தில், 'விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல' என்றும் எழுதுகிறார். சாபத்துக்குப் பயந்து கொடுப்பது கட்டாயம்தானே? தசமபாகம் கொடுக்காதவர்கள் சபிக்கப்பட்டவர்கள் என்னும் மல்கியா 3-ஐக் காட்டி மிரட்டுகிறவர்கள் உபாகமம் 14-ஐயும் வாசிக்க வேண்டும். 3 வருடத்துக்கு ஒருமுறை தசமபாகத்தை ஊருக்குள்ளேயே வைத்து, ஆலய ஊழியம் செய்த லேவியரோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும் என்பது அங்குள்ள கட்டளை.

சம்பளம் வந்த அன்றே கணவரோடு உட்காருங்கள். தவணை, வீட்டுச் செலவு, பெற்றோரின் மருந்து, வேலை செய்தவர்களுக்குத் தர வேண்டிய கூலி எல்லாவற்றையும் எழுதுங்கள். கூலியைப் பாக்கி வைத்துவிட்டுக் காணிக்கை போடக் கூடாது. 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டது மாற்கு 7-இல் இருக்கிறது. பிறகு இருவரும் மனதார ஒப்புக்கொள்கிற அளவை, 100-க்கு 2 என்றாலும் சரி, தனி உறையில் போட்டுவிடுங்கள். செலவு போக மிஞ்சியதில் கொடுக்கலாம் என்றிருந்தால் எந்த மாதமும் மிஞ்சாது. வரவுக்குத் தக்கபடி முன்னதாகவே சேர்த்துவைக்கச் சொல்வதும் பவுல்தான் (1 கொரிந்தியர் 16:2).

ஒரு கடன் அடைந்ததும் அந்தத் தவணைத் தொகையில் ஒரு பங்கை அதே மாதம் உறைக்கு மாற்றுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அந்தப் பணம் வேறு செலவில் கரைந்துவிடும். உருக்கமான கூட்டத்தின் முடிவில் இவ்வளவு தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் பொருத்தனை அட்டையை நீட்டினால் வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் கணவரோடு பேசிவிட்டு எழுதுங்கள்.

தனக்கிருந்த இரண்டு காசையும் காணிக்கையாகப் போட்ட விதவையை உங்களுக்கு உதாரணம் காட்டுவார்கள். அதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை (வேதத்தைப் போதித்தவர்களை) இயேசு கண்டித்தார் என்பதை ஏனோ வாசிப்பதில்லை!

காணிக்கை எங்கே செலவாகிறது என்று சபையில் தயங்காமல் கேளுங்கள். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்ந்த பணத்தில் யாரும் குறை சொல்லக் கூடாதென்று, பவுல் தீத்துவோடு இன்னும் 2 சகோதரரையும் சேர்த்தே அனுப்பினார்.