முன்பக்கம் டொக் டொக்: பழைய சொகுசுக் கார்களுக்குக் கேள்வி பதில்

வாளையாறு தொடங்கி கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வரைக்கும் கேரள-தமிழ்நாட்டு எல்லையோரத்தில் பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. எல்லாமே முன்பக்க சஸ்பென்ஷன் பற்றியவை, அதாவது சக்கரத்தைக் காரோடு பிடித்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பு. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் நான் பார்ப்பதும் இந்த வேலைதான். கொச்சியிலும் கோழிக்கோட்டிலும் இரண்டு மூன்று கை மாறிய கார்கள்தான் இங்கே அதிகம் வருகின்றன. வாங்கும்போது ஒரு புது சின்னக் காரின் விலைக்குக் கிடைத்துவிடும். ஸ்பேர் விலை மட்டும் பெரிய கார் விலையிலேயே நிற்கும். அது தெரிந்து வாங்கியவர்களுக்குத்தான் இந்தப் பதில்கள் உதவும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: அண்ணா, என்னுடையது 2008 பி.எம்.டபிள்யூ 520டி, இ60. ஹைவேயில் 90-இல் போகும்போது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது. முன் பிரேக் டிஸ்க் இரண்டும் மாற்றினேன். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, மறுபடி ஆரம்பித்துவிட்டது.

தம்பி, டிஸ்க் மேல் பழி போட்டுப் பணத்தை விட்டவர்கள் நிறையப் பேர். உங்கள் காரில் முன்சக்கரத்தைக் கீழே இரண்டு அலுமினிய ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. ஒன்று குறுக்கே போவது. இன்னொன்று சாய்வாக முன்னும் பின்னுமான இழுவையைத் தாங்குவது, அதை டென்ஷன் ஸ்ட்ரட் என்பார்கள். அந்த இரண்டாவது ஆர்மின் உடல் பக்க முனையில் இருப்பது சாதாரண ரப்பர் புஷ் (அதிர்வைத் தாங்க இரும்புக்கு நடுவே வைக்கும் ரப்பர் வளையம்) இல்லை. உள்ளே திரவம் நிரப்பிய ஹைட்ராலிக் புஷ். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படும், அந்தத் துடிப்பை அடக்குவதுதான் அதன் வேலை. ரப்பர் கிழிந்து திரவம் வெளியேறிவிட்டால் அடக்க ஆள் இல்லை. டிஸ்க்கில் முடியளவு ஏற்றத்தாழ்வு இருந்தாலும் அது பெரிதாகி ஸ்டியரிங்குக்கு வந்துவிடும். புது டிஸ்க்கில் அந்த ஏற்றத்தாழ்வே இல்லாததால் கொஞ்ச நாள் அடங்கியிருந்தது, அவ்வளவுதான்.

காரைத் தூக்கி அந்தப் புஷ்ஷைச் சுற்றிப் பாருங்கள். எண்ணெய் வடிந்து மண் ஒட்டிய கறை தெரிந்தால் கதை முடிந்தது. கறை இல்லாவிட்டாலும் கடப்பாரை மாதிரி ஒரு லீவர் கொடுத்து அசைத்தால் ரப்பர் எங்கே பிளந்திருக்கிறது என்று தெரியும். இதற்கு முன்னோடி மாடலான இ39-க்கும் இதே நோய் உண்டு.

புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் தள்ளி மாற்றலாம். ஆனால் அதற்கு ஒரு திசை இருக்கிறது, குறியைப் பார்த்து ஆர்மோடு சேர்த்து வைக்க வேண்டும். சும்மா லேத்தில் கொடுத்துத் தள்ளி வாங்கி வந்தால் புதுப் புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். ஆர்மின் மறுமுனையில் இருக்கும் பால் ஜாயிண்ட் (எல்லாப் பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டு) தனியாக வராது. அதனால் அதுவும் தேய்ந்திருந்தால் புஷ் போட்டே வரும் முழு ஆர்மை இரண்டு பக்கமும் வாங்கிவிடுங்கள். உங்கள் காருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அதே தம்பி: போல்ட் முறுக்குவதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்கிறார்களே?

இருக்கிறது. பாதி ஒர்க்‌ஷாப்புகளில் நடக்காத வேலையும் அதுதான். ரப்பர் புஷ்ஷின் உள் குழாயும் வெளி வளையமும் ரப்பரோடு ஒட்டியிருக்கும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், காரை இறக்கிய உடனே அந்த ரப்பர் முறுகிப்போய் நிற்கும். நிறுத்தி வைத்திருக்கும்போதும் முறுகலிலேயே இருக்கும். சில மாதத்தில் கிழிந்துவிடும், பழி கம்பெனி மேல் விழும்.

வேலை தொடங்கும் முன் சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து சுவரில் எழுதிவிட வேண்டும். எல்லாம் மாட்டிய பிறகு ஜாக்கியால் ஆர்மைத் தூக்கி அந்த அளவுக்குக் கொண்டுவந்து அப்புறம் கடைசி முறுக்கு. பால் ஜாயிண்ட்டின் லாக் நட்டைப் பழையதையே திரும்பப் போடக் கூடாது.

பொள்ளாச்சியிலிருந்து: சார், எந்தப் பாகம் போயிருக்கிறது என்று நானே கண்டுபிடிக்க வழி உண்டா? மூன்று மெக்கானிக் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

ஓரளவுக்கு உண்டு. காரை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்ட் வைத்து, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். உள்ளே ஒருவரை உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் ஜாயிண்ட். அடுத்து இடது வலது பக்கங்களைப் பிடித்து ஆட்டுங்கள். அதில் ஆடினால் பெரும்பாலும் டை ராட் எண்ட், அதாவது சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு.

சத்தத்தை வைத்துச் சொல்வதென்றால், சின்னச் சின்னக் குழியில் கிடுகிடு என்று தகரம் தட்டுவது போல் வந்தால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க்கை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) பாருங்கள். விலை குறைவு, மாற்றுவதும் சுலபம். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் சுண்டிவிடுவது போல் சத்தம் வந்தால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) மேல் மவுண்ட் பேரிங். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஒற்றை ‘டொக்’ என்றால் புஷ் அல்லது ஜாயிண்ட். ஷாக் போயிருந்தால் சத்தத்தை விட ஆட்டம்தான் முதலில் தெரியும்.

மூன்று பேரும் சத்தத்தைக் கேட்டே சொன்னார்களா, லீவர் போட்டுக் காட்டினார்களா? காட்டியவரிடம் போங்கள்.

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து: அப்பா காலத்து பென்ஸ், 1996 மாடல், டபிள்யூ124. நேர் ரோட்டில் கூட கார் அலைகிறது. ஸ்டியரிங் பாக்ஸை டைட் வைத்தால் போதும் என்கிறார் ஒருவர்.

வேண்டாம் ஐயா! பாக்ஸை டைட் வைக்கும் ஸ்க்ரூவைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை நான்கைந்து இருக்கின்றன. 1995-இல் புனேயில் பென்ஸ் கம்பெனி இந்தியாவில் முதலில் தயாரித்ததே உங்கள் மாடல்தான். இப்போதைய கார்களைப் போல் அதில் பல்சட்டம் வைத்த ராக் ஸ்டியரிங் இல்லை. பாக்ஸ், நடுவே ஒரு இணைப்புக் கம்பி, மறுபக்கம் அந்தக் கம்பியைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம், நடுக்கத்தை அடக்கும் ஒரு ஸ்டியரிங் டாம்பர் என்று பழைய முறை. ஐட்லர் ஆர்மின் புஷ் தேய்ந்தால் கார் குடித்தவன் நடை நடக்கும். அந்தப் புஷ் கிட் இன்றும் கிடைக்கிறது, விலையும் பயப்படும்படி இல்லை. டாம்பரைக் கழற்றிக் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள், எதிர்ப்பே இல்லாமல் போய்வந்தால் மாற்றுங்கள். டை ராட், லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் முடிந்த பிறகும் ஆட்டம் இருந்தால்தான் பாக்ஸ். அதையும் அளவுக்கு மேல் இறுக்கினால் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. வாளையாறு ரோட்டில் அதை ஓட்டுவது ஆபத்து.

இன்னொரு விஷயம். உங்கள் காரில் ஸ்பிரிங் ஷாக்கோடு சேர்ந்தில்லை, தனியாக லோயர் ஆர்ம் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பால் ஜாயிண்ட் ஆட்டம் பார்க்க ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில் கொடுக்க வேண்டும். உடலுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினால் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஜாயிண்ட் இறுகி நிற்கும், ஆட்டம் ஒளிந்துகொள்ளும். லோயர் ஆர்மைக் கழற்றுவதென்றால் ஸ்பிரிங்கை உள்ளேயிருந்து அமுக்கும் சரியான கருவி வேண்டும். கயிறு, சங்கிலி கட்டிச் சமாளிக்கிறேன் என்பவரிடம் காரை விடாதீர்கள். அந்த ஸ்பிரிங் தெறித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

நெம்மாறையிலிருந்து: ஆடி ஏ6. முன்பக்கம் எட்டு ஆர்ம் என்கிறார்கள், உண்மையா? ஒன்று மட்டும் மாற்றினால் போதாதா?

உண்மைதான். ஒரு பக்கத்துக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு. 2004-இல் நம் ஊருக்கு வந்த முதல் ஸ்கோடா சூப்பர்ப்பும் இதே குடும்பம். ஒன்று தேய்ந்தால் மற்றவை அதன் பங்கையும் சுமக்கும். அதனால் மாதத்துக்கு ஒன்று என்று தவணையில் மாற்றுவது எனக்குப் பிடிக்காத வழி. ஒவ்வொரு முறையும் வீல் அலைன்மெண்ட் செலவு, ஒவ்வொரு முறையும் புது ஆர்ம் பழையவற்றோடு மல்லுக்கட்டும். எட்டும் முடியாவிட்டால் மேல் நான்கு ஒரு முறை, கீழ் நான்கு ஒரு முறை என்று ஜோடியாகவாவது செய்யுங்கள்.

இந்தக் காரில் நிஜத் தலைவலி மேல் ஆர்ம்கள் இரண்டையும் நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் துண்டு) பிடித்திருக்கும் நீள போல்ட். போல்ட் இரும்பு, நக்கிள் அலுமினியம். இடையில் மழைத்தண்ணீர் புகுந்து அரித்து இரண்டும் ஒன்றாகிவிடும். நம் பக்கம் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) ஒரு நாலு பார்த்த கார் என்றால் சும்மா கழன்று வராது. சுத்தியலால் அடித்தால் போல்ட் நுனி காளான் மாதிரி விரியும், அப்புறம் நக்கிளையே மாற்ற வேண்டிவரும். முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊற விட வேண்டும். பிறகு முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தேவைப்பட்டால் நக்கிளை அளவாகச் சூடாக்கி எடுக்க வேண்டும். போல்ட் திரும்பவே மறுத்தால் துளை போட்டு எடுப்பதுதான் வழி. கூலி பேசும்போதே இந்தப் போல்ட்டைப் பற்றிக் கேளுங்கள். அதைப் பற்றிக் கேள்விப்படாதவர் இந்தக் காரைத் தொட்டதில்லை என்று அர்த்தம்.

கோவிந்தாபுரத்திலிருந்து: ஆர்ம் பெட்டியில் லெம்ஃபோர்டர் என்று இருக்கிறது, ஆனால் பாகத்தில் ஓரிடத்தில் கிரைண்டர் வைத்துத் தேய்த்த தடம். டூப்ளிகேட்டா?

அதை மட்டும் வைத்து டூப்ளிகேட் என்று சொல்ல முடியாது. கார் கம்பெனிகளுக்கே ஆர்ம் செய்து கொடுப்பவர்கள் அவர்கள். அதே பாகத்தைத் தங்கள் பெட்டியில் விற்கும்போது கார் கம்பெனியின் முத்திரையைத் தேய்த்து எடுத்துவிடுவது வழக்கம். பாகத்தில் அச்சான எண்கள், ஜாயிண்ட்டை மூடும் பூட் ரப்பரின் தரம், விலை மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் சந்தேகப்படுங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பேர் விற்கும் ஃபெபி பில்ஸ்டைன் வேறு, ஷாக் செய்யும் பில்ஸ்டைன் வேறு. கடைக்காரர் ஒன்றைச் சொல்லி இன்னொன்றைத் தருவதுண்டு.

கோயம்புத்தூரிலிருந்து: உக்கடத்தில் பிரித்த காரின் ஆர்ம் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

நக்கிள், சப்ஃப்ரேம் (ஆர்ம்கள் மாட்டும் அடிச்சட்டம்), ஸ்பிரிங் என்றால் பார்த்து வாங்கலாம். ரப்பரும் ஜாயிண்ட்டும் இருக்கும் பாகம் வேண்டவே வேண்டாம், அதுவும் உங்கள் கார் வயதுதான். பழைய ஜாயிண்ட்டுக்குள் நைலான் அடைத்துத் தருகிறேன், வளைந்த அலுமினிய ஆர்மை நிமிர்த்தித் தருகிறேன் என்பவர்களையும் தாண்டிப் போய்விடுங்கள்.

மீனாட்சிபுரத்திலிருந்து: எஸ் கிளாஸ், டபிள்யூ220. ராத்திரி நிறுத்தினால் காலையில் முன் இடது பக்கம் தரையோடு படுத்திருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் எழுந்துவிடுகிறது. ஓட்டலாமா?

எழுந்துகொள்கிறதே என்று ஓட்டிக்கொண்டிருந்தால் அடுத்து கம்ப்ரஸர் போகும். இந்தக் காரில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. வருடக்கணக்கில் மடிந்து விரிந்த இடத்தில் ரப்பர் வெடித்துக் காற்று கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், சூடாகும், ஒரு நாள் நின்றுவிடும். ஒரு பாகச் செலவு இரண்டாகும். சோப்புத் தண்ணீரை ஸ்ட்ரட்டின் மேல் முனையிலும் காற்றுக் குழாய் சேரும் இடத்திலும் பையின் மடிப்பிலும் தெளியுங்கள். நுரை எங்கே வருகிறது என்று பார்த்து, அப்புறம் ஸ்பேர் வாங்குங்கள். குழாய் முனையில் மட்டும் கசிந்தால் அதிர்ஷ்டம்.

புது ஸ்ட்ரட் போட்டால், காற்று ஏறும் முன் காரின் முழு எடையை அதன் மேல் இறக்கக் கூடாது. பை தப்பாக மடிந்து அன்றைக்கே கிழியும். காற்றுப் பையை எடுத்துவிட்டு இரும்பு ஸ்பிரிங் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். போடலாம், எச்சரிக்கை விளக்கை அணைக்கத் தனி ஏற்பாடு வேண்டும். எஸ் கிளாஸின் அந்த மிதப்பும் போய்விடும். அந்த மிதப்புக்காகத்தானே வாங்கினீர்கள்?

முதலில் உங்களுடையது காற்று மாடல்தானா என்று உறுதி செய்யுங்கள். மேல் வகைகளில் ஏ.பி.சி. என்று எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது இருக்கிறது. அதற்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது.

வாளையாற்றிலிருந்து: டயர் உள்பக்கம் மட்டும் மொட்டையாகிறது. அலைன்மெண்ட் செய்தும் நிற்கவில்லை.

தேய்ந்த புஷ்ஷோடு அலைன்மெண்ட் செய்தால் மெஷினில் நிற்கும்போது மட்டும் சரியாக இருக்கும். ரோட்டில் ஓடும்போது சக்கரம் தன் இஷ்டத்துக்கு விரியும். புஷ் முதலில், அலைன்மெண்ட் அப்புறம். ஈ.எஸ்.பி. (கார் சறுக்காமல் தடுக்கும் மின்னணு வசதி) உள்ள காரில் வேலை முடிந்ததும் ஸ்டியரிங் கோண சென்ஸாரையும் ஸ்கேனர் வைத்து நேர் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நேராகப் போகும்போதே விளக்கு எரியும்.

பொள்ளாச்சியிலிருந்து இன்னொருவர்: பால் ஜாயிண்ட்டில் நல்ல ஆட்டம். ஸ்பேர் வர ஒரு வாரமாகும். அதற்குள் குடும்பத்தோடு குருவாயூர் போய் வந்துவிடலாமா?

கூடாது. ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்து விழும், பிரேக்கும் ஸ்டியரிங்கும் காப்பாற்றாது. டாக்ஸியில் போய் வாருங்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து: வாட்டர் சர்வீஸில் அடியில் டீசல் அடித்துவிடுகிறார்கள், சத்தமும் குறைகிறது. நல்லதுதானே?

இரும்புக்குத் துருப் பிடிக்காமல் இருக்கலாம். ரப்பருக்கு எமன். டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் புஷ்ஷையும் பூட்டையும் ஊறிப் பெருக்க வைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும். சத்தம் குறைவது இரண்டு நாளைக்குத்தான். தண்ணீர் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், அதிலும் பால் ஜாயிண்ட் பூட்டுக்கு நேராகக் குழாயை வைக்க வேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். பூட் கிழிந்திருக்கிறதா என்று அப்போதே குனிந்து ஒரு பார்வை பார்த்துவிடலாம், கார் ராம்ப்பில்தானே நிற்கிறது.