நிற்கிற லாரியைத் தினமும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. 2021 மாடல் பிஎஸ்-6 மினி லாரி வைத்திருக்கிறோம். சீசனில் நாலு மாதம் ஓயாமல் ஓடும். மற்ற மாதங்களில் ஷெட்டில்தான். தினமும் காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விடுகிறோம். அப்படியும் பேட்டரி ஒருமுறை படுத்துவிட்டது. இப்போது டேஷ்போர்டில் சைலன்ஸர் படம் போட்ட மஞ்சள் லைட் எரிகிறது. மெக்கானிக் "அந்த டப்பாவையே கழற்றிவிடலாம்" என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அதற்கு முன், அந்தப் பத்து நிமிடத்தை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் பராமரிப்பு என்று நினைத்துச் செய்ததுதான் லைட்டை எரிய வைத்திருக்கிறது.

அந்த டப்பாவின் பெயர் டிபிஎஃப். புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சல்லடை. சேர்ந்த கரியை அதுவே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு உள்ளே 550, 600 டிகிரி சூடு வேண்டும். ஐட்லிங்கில், அதாவது நின்றபடியே ஓடுகையில், வரும் புகைக்கு அதில் பாதிச் சூடுகூட இருக்காது. ஆக, தினமும் பத்து நிமிடம் கரியைச் சேர்த்தீர்கள், ஒரு நாளும் எரியவிடவில்லை. போதாததற்கு, ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். இன்ஜின் சூடேறாவிட்டால் அதில் ஒரு பங்கு சைலன்ஸரிலும் ஆயிலிலும் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். பேட்டரி கணக்கும் அப்படித்தான்: செல்ஃப் அடிக்கையில் போன கரன்ட் ஐட்லிங்கில் முழுசாகத் திரும்பி ஏறுவதில்லை.

மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுங்கள். அரை டன் பாரமாவது ஏற்றிக்கொண்டு ஓசூர் சாலையில் சூளகிரி வரை போய்த் திரும்புங்கள். டாப் கியரில் இழுக்காமல் ஒரு கியர் குறைத்து, 50, 60 வேகத்தில், நடுவில் நிறுத்தாமல். நாற்பது நிமிடமாவது ஓட வேண்டும். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும் இன்ஜின் சூடாகிவிட்டது என்று திரும்பிவிடாதீர்கள். முள் காட்டுவது கூலன்ட் சூட்டை. ஆயில் சூடேற இன்னும் நேரமெடுக்கும். அப்படி எடுக்க முடியாத மாதம் என்றால், ஸ்டார்ட்டே செய்யாமல் சும்மா விடுவது மேல்.

இப்போது எரியும் லைட் மஞ்சளாக, விட்டு விட்டு எரியாமல், இழுவையும் குறையாமல் இருந்தால் இந்த ஓட்டத்திலேயே பெரும்பாலும் அணைந்துவிடும். நிறுத்தி வைத்தே கரியை எரிக்கும் பட்டன் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் தோப்புக்குள் வேண்டாம். சைலன்ஸருக்குக் கீழே காய்ந்த மாவிலைச் சருகு கிடந்தால் தீப்பிடிக்கும். லைட் மின்னினாலோ, சிவப்பாக மாறினாலோ, வண்டி இழுக்காமல் போனாலோ சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். ஸ்கேனரில் கரி எத்தனை சதவீதம் என்று காட்டும். அந்த எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். அதைப் பார்க்காமல் "டப்பா மாற்றணும்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

"கழற்றிவிடலாம்" என்கிறவர்கள் உள்ளே இருக்கும் செராமிக்கை உடைத்து எடுத்துவிட்டு, வெறும் கூட்டை வெல்டிங் வைத்து மாட்டி, கம்ப்யூட்டரில் லைட்டையும் அணைத்துவிடுவார்கள். எடுத்ததை "குப்பைதானே, நாங்களே போட்டுவிடுகிறோம்" என்பார்கள். அது குப்பையில்லை. அந்தப் பாகங்களில் பிளாட்டினம் வகை உலோகப் பூச்சு இருக்கிறது. வாங்கிக்கொள்ளத் தனி வியாபாரிகள் உண்டு. உங்களிடம் கூலியும் வாங்கி, உங்கள் பொருளையும் விற்றுவிடுவார்கள். மாட்டிக்கொள்வது உரிமையாளர்: மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டி விற்கும்போது தவணைக் கணக்கை ஒரு மணி நேரம் விளக்குகிறவர்கள் இந்தக் கரி விஷயத்தை ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் இத்தனை டப்பா உடையாது. புத்தகத்தில் இருக்கிறது என்பார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும்.

ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியைக் கட்டாயம் பாருங்கள். கரியை எரிக்க வண்டி கூடுதலாக டீசல் பீய்ச்சும். பாதியில் ஆஃப் செய்தால் அந்த டீசல் வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால், கேஜை முகர்ந்தால் டீசல் வாடை வந்தால், உடனே மாற்ற வேண்டும். ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். கேனில் சிகே-4 (சாம்பல் குறைந்த ஆயிலின் தரக் குறி) என்று போட்டிருக்க வேண்டும். பேரலில் இருந்து லூஸாக ஊற்றித் தரும் ஆயில் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது.

டீசல் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். காலியிடம் இருந்தால் பனிக்காலத்தில் உள்ளே வேர்த்து, தண்ணீர் அடியில் தங்கும். அதில் பூஞ்சை வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். மாதம் ஒருமுறை ஃபில்டர் அடித் திருகைத் தளர்த்தி, சுத்த டீசல் வரும்வரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள்; தண்ணீர் அடியில் தனியாக நிற்பது தெரியும். 1,500 பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்யும் இன்ஜெக்டரைக் கெடுக்க அந்தச் சொட்டுத் தண்ணீர் போதும். கேனில் கொண்டுவந்து மலிவாகத் தரும் டீசல் பக்கமே போகாதீர்கள்.

புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் யூரியா திரவத்தின் டேங்க் மட்டும் இதற்கு விதிவிலக்கு. டீசலை நிரப்பச் சொன்னதால் இதையும் நிரப்பி வைப்பவர்கள் நிறைய. நீல மூடி டேங்கில் ஊற்றும் திரவம் 32.5 சதவீத யூரியா, மீதி தாது நீக்கிய நீர். சூடு இதற்கு ஆகாது. 25 டிகிரியில் வைத்தால் 18 மாதம் வரும். 30 டிகிரியில் 12. 35 டிகிரியில் ஆறே மாதம். தகரக் கூரை ஷெட்டில் சூடு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அதனால் நிரப்பாதீர்கள். காலியாகவும் விடாதீர்கள்: காய்ந்தால் வெள்ளை உப்பாகப் படிந்து பம்பை அடைக்கும். காலுக்கும் அரைக்கும் நடுவில் இருக்கட்டும். ஆறு மாதம் ஆகிவிட்டால் சீசனுக்கு முன் பழையதை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து விற்கிறார்கள், ஜாக்கிரதை. திரவத்தில் யூரியா எத்தனை சதவீதம் என்று அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 31.8க்கும் 33.2க்கும் இடையில் காட்ட வேண்டும். காட்டினாலும் சுத்தம் என்று அர்த்தமில்லை, அளவு சரி என்றுதான் அர்த்தம். எனவே சீல் உடையாத கேன், தயாரித்த தேதி, இரண்டையும் பாருங்கள்.

இதையொட்டியே பேட்டரி. கழற்றி வைக்க நினைத்தால், சாவியை எடுத்ததும் ஐந்து நிமிடம் பொறுங்கள். பல வண்டிகளில் பம்ப் அப்போதுதான் பைப்பில் மிஞ்சிய யூரியாவை டேங்குக்குத் திருப்பி இழுக்கும். "ஙீ" என்று ஒரு சத்தம் கேட்டு அடங்கும். பிறகு மைனஸ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். மீட்டரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடுங்கள். 100 ஏஎச் பேட்டரிக்கு 10 ஆம்பியருக்கு மேல் வேண்டாம்.

ஹேண்ட் பிரேக் போட்டு மாதக்கணக்கில் நிறுத்தினால் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்; கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், பின்னால் உள் டயரையும் பாருங்கள். எலிக்கு, கேபினிலும் இன்ஜின் பக்கமும் தீனி வாடையே இருக்கக் கூடாது. பழக்கூடைகளை வண்டியிலேயே விடாதீர்கள்.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருஷா வருஷம். உங்களுக்கு 2029 முதல் வருடாந்தரம். வண்டி நாலு மாதம்தான் ஓடுகிறது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. "வண்டி வரவே வேண்டாம், பேப்பர் மட்டும் கொடுங்கள்" என்று புரோக்கர் வருவார். வண்டியோடு நீங்களே போங்கள். போக வர அந்த ஓட்டமே இந்த மாதக் கரியை எரித்துவிடும்.