லாப், லாப்லாண்டர் எண்டு இங்கிலீஷில ஆரைச் சொல்லுறது? இப்பவும் அப்பிடிச் சொல்லலாமோ?

சாமி ஆக்களைத்தான். நோர்வே, சுவீடன், பின்லாந்து மூண்டின்ர வடபக்கமும் ரஷ்யாவின்ர கோலா தீபகற்பமும் சேர்ந்த இடத்தில காலங்காலமா இருக்கிற சனம். பழைய டிக்சனரியளில லாப் எண்டு கிடக்கும், ஆனா ஆளைப் பாத்து அப்பிடிச் சொல்லிப்போடாதேங்கோ. நான் சொல்லி வாங்கிக் கட்டினவன், அதாலதான் எழுதுறன்.

தொண்ணூறுகளில நோர்வேயின்ர வட நுனியில இருக்கிற பின்மார்க்கில ஒரு மீன் பக்டரியில நிண்டனான். அந்த நேரம் எங்கட ஆக்கள் கன பேர் வட நோர்வேயில மீன் வெட்டிக்கொண்டுதான் இருந்தவை, ஒஸ்லோ, வீடு, கார் எல்லாம் பேந்துதான். லைனில எனக்குப் பக்கத்தில ஒரு வயசுபோன மனிசி, எங்களோட நோர்வேஜியன் கதைப்பா, தமக்கையோட போனில கதைக்கேக்க மட்டும் வேற பாஷை. நானும் பள்ளிக்கூடத்தில படிச்ச பொது அறிவைக் காட்டுவம் எண்டு சாப்பாட்டு மேசையில வச்சு "நீங்கள் லாப்போ?" எண்டு கேட்டுப்போட்டன். மேசை கப்சிப். மனிசி ஒண்டும் பேசேல்ல, எழும்பிப் போய் மீன்பெட்டியில ஒட்டுற துண்டு ஒண்டைக் கொண்டந்து என்ர கையில ஒட்டிப்போட்டு, "லாப் எண்டா இதுதான், நான் சாமி" எண்டவா.

நோர்வேயில இருக்கிற தமிழருக்கு இது உடன பிடிபடும். லாப் எண்டா துண்டு, ஒட்டுத்துணி. ட்ரைவிங் லைசென்ஸையே லாப்பன் எண்டுதானே சொல்லுறம். சுவீடிஷிலயும் லாப் எண்டா ஒட்டுத்துணிதான். இனத்தின்ர பேர் உண்மையில அந்தத் துணியில இருந்துதான் வந்ததோ எண்டதில மொழி ஆராயிறவைக்குள்ள இழுபறி, ஆனா சாமி ஆக்களின்ர காதில கிழிஞ்ச உடுப்புத்தான் விழும். ஊரில வீட்டுக்கு வீடு ஒரு பட்டம் இருக்கும் எல்லோ, வீட்டுக்காரரைத் தவிர ஊர் முழுக்க அதைத்தான் சொல்லும், அந்தக் கதைதான் இதுவும். தங்களைத் தாங்கள் அவை எப்பவும் சாமி எண்டுதான் சொன்னவை, நிலத்தைச் சாப்மி எண்டினம். (நான் இதை அம்மாவுக்குப் போனில சொல்ல, "எந்தக் கோயில் சாமியடா?" எண்டு கேட்டவா.)

நோர்வேஜியனில சாமியளுக்கு "பின்" (Finn) எண்டும் ஒரு பழைய பேர் இருந்தது, பின்மார்க் எண்டதிலயே அது கிடக்கு. பின்லாந்துக்காரரோட குழப்பாதேங்கோ.

இங்கிலீஷில லாப் எண்ட பேர் பரவினதில ஒரு புத்தகத்துக்கும் பங்கு இருக்கு. பதினேழாம் நூற்றாண்டில நடந்த முப்பது வருசப் போரில சுவீடன் வெண்டது சாமியளின்ர சூனியத்தாலதான் எண்டு ஐரோப்பாவில கதை கட்டிவிட்டவை, அது பொய் எண்டு காட்ட சுவீடனில உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷெஃபெருஸ் 1673 இல லத்தீனில லப்போனியா எண்டு எழுதினவர், அடுத்த வருசமே அது இங்கிலீஷில வந்திட்டுது. என்ன பகிடி எண்டா சூனியம் இல்லை எண்டு சொல்ல வந்த அந்தப் புத்தகத்துக்குள்ளயே மந்திர மேளத்தின்ர படமெல்லாம் விலாவாரியாக் கிடக்கு.

வெறும் பேர்ப் பிரச்சினை எண்டாலும் விட்டிடலாம். 1902 இல நோர்வே ஒரு சட்டம் போட்டது, பின்மார்க்கில அரச காணி வாங்கிறதெண்டா நோர்வேஜியன் கதைக்க, எழுத, வாசிக்கத் தெரிஞ்சிருக்கோணும். சொந்த மண்ணில காணி வாங்க அடுத்தவன்ர பாஷை. பிள்ளையளை விடுதிப் பள்ளிக்கூடங்களில போட்டு நோர்வேஜியனிலதான் படிப்பிச்சவை. மனிசி பிறகு என்னோட நல்ல வாரப்பாடு, அவ சொன்னவா தான் பிள்ளையளோட சாமி பாஷை கதைக்கவே இல்லையாம், தான் பட்டது அதுகளும் படக்கூடாது எண்டு. அந்த ஆளிட்டப் போய்த்தான் நான் லாப்போ எண்டு கேட்டிருக்கிறன்.

நிலைமை திரும்பத் தொடங்கினது பின்மார்க்கில சாமியளின்ர இடத்தால ஓடுற ஆல்டா ஆத்தில அணை கட்டப் போனதோட. 1979 இல சாமி இளைஞர் ஒஸ்லோவில பாராளுமன்றத்துக்கு முன்னால உண்ணாவிரதம் இருந்தவை. அணையைக் கட்டித்தான் முடிச்சவை, ஆனா அந்தச் சண்டையால 1989 இல பின்மார்க்கில கராஷொக் எண்ட ஊரில சாமி பாராளுமன்றம் வந்தது, 1997 இல அங்க வச்சு நோர்வே அரசர் ஹரால்ட் மன்னிப்புக் கேட்டவர். நோர்வே பாராளுமன்றம் கேக்க 2024 நவம்பர் ஆச்சு!

சரி, லாப்லாந்து எண்ட இடப்பேரைச் சொல்லலாமோ எண்டா, சொல்லலாம். பின்லாந்தில அது மாகாணத்தின்ர பேர், கிறிஸ்மஸ் தாத்தா பாக்க சனம் ரொவானியெமிக்கு ஓடுறதும் அங்கதான். அங்க இருக்கிற எல்லாரும் சாமி இல்லை, கன பேர் பின்லாந்துக்காரர்தான். ஆளைச் சொல்லேக்க சாமி எண்டு சொல்லுங்கோ.

சாமி எண்டா ரெயின்டியர் மேய்க்கிறவை எண்டும் நினைக்காதேங்கோ, அதில இருக்கிறது சின்னப் பங்குதான், கடற்கரைப் பக்கத்துச் சாமியள் பரம்பரையா மீன்பிடி. அப்பிடி மேய்க்கிற ஆரையும் சந்திச்சா "பூரெஸ்" எண்டு வணக்கம் சொல்லுங்கோ, எத்தினை ரெயின்டியர் வச்சிருக்கிறியள் எண்டு மட்டும் கேக்கக்கூடாது, அது பேங்கில எவ்வளவு காசு கிடக்கெண்டு கேக்கிற மாதிரி. மனிசியின்ர தம்பி ஒருக்கா பக்டரிக்கு வந்தவர், நான் அதையும் கேட்டனான்.