'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' பார்க்கப் போகும் பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது? கேள்வி பதில்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை ஆர்தர் மில்லரின் இந்த நாடகத்துக்குக் கூட்டிப் போய் வந்திருக்கிறேன். அதனால் கேள்விகளை அனுப்பச் சொன்னேன், நிறையவே வந்துவிட்டன. நாடகம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி: ப்ரூக்ளின்காரர் வில்லி லோமன், 63 வயது, நியூ இங்கிலாந்து முழுக்கக் காரில் சுற்றி ஆர்டர் பிடிக்கும் சேல்ஸ்மேன். மனைவி லிண்டா, முப்பது தாண்டியும் நிலைகொள்ளாத மகன்கள் பிஃப், ஹாப்பி. அவருடைய கடைசி ஒரு நாளும் கொஞ்சமும்தான் கதை. 1949 பிப்ரவரியில் நியூயார்க்கில் முதலில் மேடையேறியது.

கேள்வி (புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை): முழு நாடகத்தையும் நடத்தி முடித்துவிட்டுத்தான் கூட்டிப் போக வேண்டுமா?

வேண்டாம். ஒரு வருடம் அப்படித்தான் செய்தேன். பிள்ளைகள் மேடையைப் பார்க்கவே இல்லை, நோட்டில் எழுதியதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பக்கத்தில் இருந்தவனை இடித்து, "இதோ, அமெரிக்கக் கனவு வந்துடுச்சு" என்றான். உழைத்தால் யாரும் முன்னேறலாம் என்ற நம்பிக்கைக்கு அந்தப் பெயர், நோட்டில் இருந்த கருப்பொருள். தப்பு அவனுடையதில்லை, என்னுடையது.

இப்போதெல்லாம் முதல் பத்துப் பன்னிரண்டு பக்கத்தை மட்டும் சத்தமாகப் படிக்கிறோம். அர்த்தத்தை நான் சொல்வதில்லை, எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். முடிவை மறைக்கவும் மெனக்கெட வேண்டாம், அதுதான் தலைப்பிலேயே இருக்கிறதே.

கேள்வி (மாணவி, 16 வயது): வீடியோவில் கொஞ்சம் பார்த்தேன். எது இப்போது நடக்கிறது, எது அப்போது நடந்தது என்றே புரியவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லம்மா, வில்லிக்கும் அதே பிரச்சினைதான். முதல் காட்சியில் லிண்டாவிடம், கார் ஓட்டும்போது முன் கண்ணாடியைத் திறந்துவிட்டேன், வெதுவெதுப்பான காற்று வந்தது என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே திக்கென்கிறது. இந்தப் புதுக் காரில் முன் கண்ணாடியைத் திறக்கவே முடியாதே! மனதுக்குள் அவர் ஓட்டிக்கொண்டிருந்தது 1928-ஆம் வருடத்து பழைய செவ்ரோலே. நாடகம் முழுக்க அந்தக் கண்ணாடி மாதிரிதான். இதற்கு மில்லர் முதலில் வைக்க நினைத்த பெயரே 'அவன் தலைக்குள்ளே' என்ற அர்த்தத்தில்தான்.

மில்லர் ஒரு விதியும் எழுதி வைத்திருக்கிறார். நிகழ்காலக் காட்சியில் நடிகர்கள் இல்லாத சுவர்களை மதிக்க வேண்டும், கதவு வழியாகத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். பழைய காலம் வந்துவிட்டால் சுவரைத் தாண்டியே நடக்கலாம். வகுப்பறைத் தரையில் டேப் ஒட்டி ஒரு வீடு வரைந்து, பிள்ளைகளை இரண்டு விதமாகவும் நடக்கவிடுவேன். ஐந்தே நிமிடம், பிடித்துக்கொள்வார்கள். எல்லா இயக்குநரும் இந்த விதியை வைத்துக்கொள்வதில்லை. சுவர் இல்லாவிட்டால் விளக்கையும் புல்லாங்குழல் இசையையும் கவனியுங்கள்.

இன்னொரு பயிற்சியும் உண்டு. பக்கத்து வீட்டு சார்லியோடு சீட்டாடும்போதே, செத்துப்போன அண்ணன் பென்னோடும் வில்லி பேசுகிறார். சார்லி கண்ணுக்கு பென் தெரியமாட்டார். மூன்று பேரை எழுந்து படிக்கச் சொல்லுங்கள். சார்லியாகப் படிக்கிறவர் குழம்பி முழிப்பார். அந்த முழிப்புதான் காட்சியே.

கேள்வி (ஒரு அப்பா): கணக்கு வாத்தியார் நான். அந்தக் காலத்து டாலர் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்?

சார், இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! இன்றைய மதிப்புக்கு மாற்றவே மாற்றாதீர்கள். கரும்பலகையில் அப்படியே எழுதிக் கழிக்கச் சொல்லுங்கள்.

பழைய காலக் காட்சி ஒன்றில் வில்லி ஊரிலிருந்து வந்ததும், ப்ராவிடென்ஸில் 500 குரோஸ் (மொத்த விற்பனைக் கணக்கு), பாஸ்டனில் 700 குரோஸ் விற்றேன் என்று அளக்கிறார். லிண்டா பென்சிலை எடுத்துக் கமிஷன் போட்டால் 212 டாலர் வருகிறது. அவளுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் வில்லி மெல்ல இறங்கி இறங்கி வருகிறார். மொத்தப் பயணத்துக்கும் 200 குரோஸ்தான். கமிஷன் 70 டாலரும் சில்லறையும். லிண்டா ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை, டியூ பட்டியலைத்தான் வாசிக்கிறாள். ஃபிரிட்ஜுக்கு 16 (பெல்ட் அறுந்த செலவு 1.80 அதில் சேர்த்தி), வாஷிங் மெஷினுக்கு 9.60, வாக்குவம் கிளீனருக்கு 3.50, கூரைக்கு மிச்சம் 21, கார்பரேட்டர் பழுது பார்த்தவருக்கு 3.50. மற்ற உதிரியும் சேர்த்து பதினைந்தாம் தேதிக்குள் 120 டாலர் வேண்டும்.

எழுபதிலிருந்து நூற்றிருபதைக் கழித்த பிள்ளைக்கு வில்லி ஏன் பொய் சொன்னார் என்று விளக்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் நம் வீட்டுச் சமையலறையில் கேட்காத பேச்சா இது?

கேள்வி (ஒரு அம்மா): ஹோட்டல் அறைக் காட்சி ஒன்று உண்டாமே. பையனுக்குப் பதினைந்து வயதுதான். அனுப்பலாமா?

அனுப்பலாம். வில்லிக்கு பாஸ்டனில் ஒரு தொடுப்பு இருக்கிறது. கணக்கில் ஃபெயிலான பிஃப் அப்பாவைத் தேடி அங்கே போய் நேரில் பார்த்துவிடுகிறான். கண் கூசும்படி காட்டுவது அரிது. ஆனால் வலிக்கும்.

போவதற்கு முன்னால் உங்கள் மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ஸ்டாக்கிங்ஸ் (பெண்கள் காலில் போடும் மெல்லிய நீள உறை) எங்கெல்லாம் வருகிறது என்று பார். முதல் பாதியில் லிண்டா கிழிந்த ஸ்டாக்கிங்ஸைத் தைத்துக்கொண்டிருப்பாள். புதிதாக வாங்கக் காசில்லை. அதைப் பார்த்து வில்லி காரணமே இல்லாமல் எரிந்து விழுவார், தூக்கிப் போடு என்பார். அவள் பையில் ஒளித்துக்கொள்வாள். பாஸ்டன் காட்சியில் அதே ஸ்டாக்கிங்ஸ் வேறொருத்திக்குப் பெட்டியோடு பரிசாகப் போகும். அப்போது உங்கள் பையன் நிமிர்ந்து உட்காருவான்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): எங்கள் குடும்பத்தில் தற்கொலை நடந்திருக்கிறது. மகள் வகுப்போடு போகிறாள். பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. மறைக்காமல் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முதல் பாதியிலேயே, வில்லி ஒளித்து வைத்த ரப்பர் குழாயையும், முன்பு வேண்டுமென்றே செய்த கார் விபத்துகளையும் பற்றி லிண்டா மகன்களிடம் பேசுகிறாள். தன் சாவால் குடும்பத்துக்கு 20,000 டாலர் இன்ஷூரன்ஸ் வரும் என்பது வில்லியின் கணக்கு. கடைசியில் கார் புறப்படும் சத்தமும் மோதலும் கேட்கும், பிறகு கல்லறைக் காட்சி.

ஆசிரியரிடம் தனியாகப் பேசி ஓர இருக்கை கேளுங்கள். நடுவில் எழுந்து போகலாம் என்று மகளுக்குத் தெரிந்திருக்கட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம், மதிப்பெண்ணுக்காகத் தள்ளாதீர்கள். அமெரிக்காவில் தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். இதை நான் வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

கேள்வி (மாணவன்): 1949-இல் இருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். எனக்கு என்ன?

நல்ல கேள்வி, வகுப்பிலும் தைரியமாகக் கேள். 2019-இல் லண்டனிலும் 2022-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கிலும் வெண்டெல் பியர்ஸ் வில்லியாக நடித்தார். அதில் லோமன் குடும்பமே கறுப்பினக் குடும்பம். சின்ன வயது முதலாளி ஹாவர்ட் வில்லியை வேலையை விட்டு அனுப்பும் காட்சியை அந்தக் கண்ணோடு ஒரு முறை படித்துப் பார். 1983-இல் மில்லரே பெய்ஜிங் போய்ச் சீன நடிகர்களை வைத்து இயக்கினார். மொழிபெயர்த்த யிங் ருவோசெங்தான் அங்கே வில்லி. ஊர் ஊராகச் சுற்றும் சேல்ஸ்மேனையே அறியாத ஊர் அது. மகன் மேல் ஆசையைக் கொட்டும் அப்பனை அவர்களுக்குத் தெரியாதா என்ன? உனக்கு எப்படியோ, பார்த்துவிட்டுச் சொல்.

கேள்வி: எவ்வளவு நேரம்? தின்பண்டம் கொண்டு போகலாமா?

ஏறக்குறைய மூன்று மணி நேரம், நடுவில் ஒரு இடைவேளை. சிப்ஸ் பாக்கெட் வேண்டவே வேண்டாம். போன் அணைந்திருக்கட்டும், வைப்ரேட்டில் கூட வேண்டாம்.

கேள்வி (முதலில் கேட்ட ஆசிரியையே): மறுநாள் வகுப்பில் என்ன செய்வது?

கருப்பொருள் என்ன என்று கேட்காதீர்கள், நெட்டில் படித்ததை ஒப்பிப்பார்கள். மேடையில் இருந்த ஒரு பொருளின் பெயரை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், அது யார் கையில் இருந்தது என்றும். போன தடவை பாதிப் பேர் ஸ்டாக்கிங்ஸ் என்று எழுதினார்கள். பின்வரிசையில் வாயே திறக்காத ஒரு பிள்ளை, "வீட்டுக் கடனின் கடைசி டியூ. லிண்டா கையில்" என்று எழுதியிருந்தாள். அது மேடையில் கண்ணுக்குத் தெரியும் பொருளே இல்லை. இருபத்தைந்து வருடக் கடனை அன்றைக்குத்தான் கட்டி முடித்தேன் என்று கல்லறையில் லிண்டா சொல்வதோடு சரி. நான் திருத்தவில்லை.