வகுப்பறையில் மல்டிமீடியாவைப் பயனுள்ள விதத்தில் பயன்படுத்துவது எப்படி?

கேள்வி கேட்டவர் கொழும்பில் புதிதாக நியமனம் பெற்ற விஞ்ஞான ஆசிரியர். பழைய மாணவர் சங்கம் வகுப்புக்கு எறியி (புரொஜெக்டர்) ஒன்று வாங்கித் தந்திருக்கிறது. பிள்ளைகள் வீடியோவை ஆர்வமாகப் பார்க்கிறார்கள், ஆனால் அடுத்த நாள் கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை, எங்கே பிழை விடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். நானும் கொழும்பில் தமிழ் மொழிமூலம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், பதினாறு வருடமாகிறது. இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏழெட்டு வருடத்துக்கு முன், தரம் 11க்குக் குருதிச் சுற்றோட்டம் படிப்பிக்க இரண்டு இரவு விழித்திருந்து 46 சிலைட் செய்தேன். ஒவ்வொன்றிலும் பாடப்புத்தகத்தின் ஒரு பந்தி, பக்கத்தில் நிறப்படம், இடையிடையே பின்னணி இசையோடு வீடியோ. வகுப்பு நல்ல அமைதி. பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்கள். பாடம் நன்றாகப் போனது என்றுதான் நினைத்தேன். தவணைப் பரீட்சையில் இதயத்தின் படத்தைக் கொடுத்து, குருதி போகும் திசையை அம்புக்குறியால் காட்டச் சொன்னேன். பாதிப்பேருக்கு மேல், உடம்புக்குப் போகவேண்டிய குருதியை இடது இதயவறையிலிருந்து (இடது கீழறை) நேரே நுரையீரலுக்கு அனுப்பியிருந்தார்கள். சிலைட்டில் இருந்த பந்திகளைக் கொப்பியில் இறக்கி வைப்பதிலேயே அவர்களுக்கு நேரம் முடிந்துவிட்டது. இதயம் வேலை செய்வதை ஒரு பிள்ளைகூட உண்மையில் பார்த்திருக்கவில்லை.

அதன் பிறகுதான் இதைப்பற்றித் தேடிப் படித்தேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகளாக இதையே ஆராய்ந்திருக்கிறார். அவர் சொல்வது எளிமையானது. கண்ணால் வருவதை மூளை ஒரு வழியாகவும் காதால் வருவதை இன்னொரு வழியாகவும் வாங்குகிறது. ஒவ்வொரு வழியும் ஒரே நேரத்தில் கொஞ்சம்தான் தாங்கும். படத்தைக் காட்டி வாயால் விளக்கினால் இரண்டு வழியும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும். அதே விளக்கத்தைத் திரையிலும் எழுத்தாகப் போட்டால் கண் படத்தைப் பார்ப்பதா எழுத்தைப் படிப்பதா என்று திணறும். 2000இல் அவரும் ரொக்சானா மொரேனோவும், மின்னல் உண்டாகும் விதத்தைக் காட்டும் அசைபடத்தை வைத்து ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். பின்னணி இசையும் தேவையில்லாத சத்தங்களும் சேர்த்துக் காட்டியபோது, மாணவர் விளங்கிக்கொண்டது கூடவில்லை, குறைந்தது. அதைப் படித்தபோது என் 46 சிலைட்டும்தான் கண்ணுக்கு முன் வந்தன.

ஆகவே என் முதல் ஆலோசனை: படத்தை வைத்துக்கொள்ளுங்கள், சத்தத்தை நிறுத்திவிடுங்கள். விளக்கம் உங்கள் வாயிலிருந்து வரட்டும்.

நமக்கு இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யூடியூபில் தமிழில் கிடைக்கும் விஞ்ஞான வீடியோக்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் செய்தவை. நல்ல உழைப்பு, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் செல் என்பதை நாம் கலம் என்கிறோம். அவர்களுடைய ஒளிச்சேர்க்கை நம்முடைய ஒளித்தொகுப்பு. அவர்களுக்கு ஆக்சிஜன், நமக்கு ஒட்சிசன். கார்பன் டை ஆக்சைடு நம் புத்தகத்தில் காபனீரொட்சைட்டு. இயற்பியலும் வேதியியலும் இங்கே பௌதிகவியலும் இரசாயனவியலும் ஆகிவிடும். ஒரு முறை கலப்பிரிவு பற்றிய வீடியோவை அப்படியே ஓடவிட்டேன். முடிந்ததும் முன் வரிசைப் பிள்ளை ஒருத்தி எழும்பி, "மிஸ், செல்லும் கலமும் ஒன்றா, வேறு வேறா?" என்று கேட்டாள். அவள் கேட்டுவிட்டாள். கேட்காமல் இருந்தவர்கள் எத்தனை பேரோ. வினாத்தாளில் வரப்போவது நம் சொல். பத்து நிமிடம் வேறு சொற்களைக் காதில் போட்டுவிட்டு, பிறகு அதைக் கழற்றி நம் சொல்லை மாட்டுவது பிள்ளைக்கு இரட்டை வேலை. சத்தத்தை நிறுத்திவிட்டு நீங்களே பேசினால் இந்தச் சிக்கல் அதோடு முடிந்தது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் நம் பாடத்திட்டத்துக்கான பாடங்கள் தமிழிலும் இருக்கின்றன. தேடும்போது அங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது, எதைக் காட்டுவது என்பது. என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது. கரும்பலகையில் வெண்கட்டியால் காட்ட முடியாததை மட்டும் திரையில் காட்டுகிறேன். மிக வேகமானது, மிக மெதுவானது, மிகச் சிறியது, போய்ப் பார்க்க முடியாதது. இதயத்துடிப்பு இதற்கு நல்ல உதாரணம். ஒரு துடிப்பு முழுவதும் 0.8 செக்கனில் முடிந்துவிடுகிறது. மேலறைகளான சோணையறைகள் சுருங்க 0.1 செக்கன், கீழறைகளான இதயவறைகள் சுருங்க 0.3, பிறகு 0.4 செக்கன் தளர்வு. இதைப் பலகையில் எத்தனை அம்புக்குறி போட்டுக் காட்டினாலும் அசைவு வராது. மெதுவாக ஓடும் ஒரு அசைபடம் அந்த வேலையை ஒன்றரை நிமிடத்தில் செய்துவிடும். ஆனால் விஞ்ஞானத்தின் வரைவிலக்கணங்களையும், ஐந்து வேறுபாடுகளை எழுதுக என்பது போன்றவற்றையும் சிலைட்டில் போடுவதால் ஒரு பயனும் இல்லை. அவை புத்தகத்தில் இருக்கின்றன.

இப்போது அந்தப் பாடத்தை நான் எடுக்கும் விதத்தைச் சொல்கிறேன். எங்களுக்கு ஒரு பாடவேளை 40 நிமிடம். எறியி அதில் எட்டு நிமிடத்துக்கு மேல் எரிவதில்லை.

முதலில் உண்மையான இதயம். முதல் நாளே இறைச்சிக் கடையில் சொல்லிவைத்து, ஆட்டின் இதயம் ஒன்றை வெட்டாமல் முழுதாக வாங்கி வருவேன். மரக்கறி மட்டும் சாப்பிடும் வீட்டுப் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள், ஆகவே முன்கூட்டியே சொல்லி, விரும்பாதவர் தள்ளி இருக்கலாம் என்று விட்டுவிடுவேன். 38 பிள்ளைகள் ஒரு மேசையைச் சுற்றி நிற்க முடியாது. கைபேசியைப் புத்தக அடுக்கின் மேல் கமெரா கீழே பார்க்கும்படி வைத்து, அதை எறியியோடு இணைத்துவிடுவேன். நான் வெட்டுவது பின் வாங்கில் இருப்பவனுக்கும் பெரிதாகத் தெரியும். இடது இதயவறையின் சுவர் வலதை விட எவ்வளவு தடிப்பு என்பதைத் திரையில் பார்த்துவிட்டு, முன்னால் வந்து கையுறை போட்டுத் தொட்டும் பார்ப்பார்கள். ஏன் தடிப்பு என்று நான் சொல்வதில்லை. உடம்பு முழுவதற்கும் தள்ள வேண்டும் மிஸ் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும் வரை காத்திருப்பேன். இதுவும் மல்டிமீடியாதான். நம் ஆசிரியர் அறைகளில் மல்டிமீடியா என்றாலே எறியி என்று ஆகிவிட்டதால், கையில் இருக்கும் கமெராவை மறந்துவிடுகிறோம். செவ்வரத்தம்பூவை வெட்டி மகரந்தக்கூட்டைக் காட்டவும் இதே ஏற்பாடு போதும்.

அப்புறம் அசைபடம், சத்தம் இல்லாமல். ஒரு முறை நிறுத்தாமல் ஓடவிடுவேன், நானும் பேசமாட்டேன். இரண்டாவது முறை இதயவறை சுருங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, "இப்போது எந்த வால்வு மூடப்போகிறது?" என்று கேட்பேன். பக்கத்தில் இருப்பவரோடு அரை நிமிடம் கதைத்து, முடிவை விரலால் காட்ட வேண்டும். பிறகுதான் தொடர்ந்து ஓடவிடுவேன். வாயை விட்டுச் சொன்ன பிறகு பார்க்கும் பிள்ளையின் கண் வேறு. தான் சொன்னது சரியா என்று அந்தக் கண் தேடும். இந்த நிறுத்தம்தான் முழுப் பாடத்தின் உயிர் என்பது என் அனுபவம். நிறுத்தாமல் ஓடும் வீடியோவைப் பிள்ளைகள் தொலைக்காட்சி நாடகம் போலத்தான் பார்ப்பார்கள்.

கடைசியாக, திரையை அணைத்துவிட்டு சத்தத்தை மட்டும் போடுவேன். லப், டப். கண்ணை மூடிக் கேட்கச் சொல்வேன். லப் என்பது சோணையறைக்கும் இதயவறைக்கும் இடையிலுள்ள இருகூர், முக்கூர் வால்வுகள் மூடும்போது வருவது. டப் என்பது இதயவறையிலிருந்து குருதி வெளியேறும் வாயிலிலுள்ள அரைமதி வால்வுகள் மூடும்போது. கண்ணில் பார்த்ததைக் காது திரும்பக் கூப்பிடும். ஒலிபெருக்கி பெரிதாகத் தேவையில்லை, ஆனால் மடிக்கணினியின் சொந்தச் சத்தம் பின்வரிசைக்குப் போகாது. வாகன இரைச்சல் ஓயாத காலி வீதிப் பக்கம் ஜன்னல் உள்ள வகுப்பென்றால் சொல்லவே வேண்டாம்.

மின்சுற்றுப் போன்ற பாடங்களுக்கு வீடியோவை விட்டுவிட்டு, பிள்ளையே கையாளக்கூடிய ஒன்றைத் தேடுங்கள். 2001இல் பௌதிகவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அடுத்த வருடம் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெட் (PhET) என்ற, திரையிலேயே பரிசோதனை செய்து பார்க்கும் செயலிகள் இலவசம். தரவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும். ஒரு பிள்ளையை முன்னால் கூப்பிட்டு மின்குமிழைத் தொடராகவும் சமாந்தரமாகவும் இணைக்கச் சொல்லுங்கள். பிழைவிட்டாலும் எதுவும் எரியாது. ஆனால் உண்மையான உலர்கலமும் கம்பியும் பாடசாலையில் இருந்தால் அதையும் கட்டாயம் எடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். செயலமர்வுகளில் ஒரு கூம்பு காட்டுவார்கள், வாசித்தால் 10%, கேட்டால் 20%, பார்த்தால் 30% நினைவில் நிற்கும் என்று. அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946இல் வரைந்த அனுபவக் கூம்புதான் அதன் மூலம், அதில் எந்தச் சதவீதமும் இருக்கவில்லை. எண்கள் பிறகு யாரோ சேர்த்தவை. அதை நம்பி எல்லாவற்றையும் படமாக்க ஓடாதீர்கள்.

இனி நடைமுறைத் தொல்லைகள். பாமினி எழுத்துருவில் சிலைட் செய்யாதீர்கள். வீட்டுக் கணினியில் அழகாகத் தெரியும், பாடசாலைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்து நிற்கும், பிள்ளைகள் முன்னால் பத்து நிமிடம் போய்விடும். யூனிகோடில் எழுதுங்கள், கூடவே பிடிஎஃப் பிரதி ஒன்றும் எடுத்து வையுங்கள். வெளிச்சமான வகுப்பில் கறுப்புப் பின்னணி வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, ஒரு சிலைட்டில் ஆறேழு சொல். வீடியோவைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள், வகுப்பில் இணையத்தை நம்ப வேண்டாம். மின்சாரம் போனாலும் அதே பாடத்தை நடத்த முடியவேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நேரத்தில், இதயத்தை நான்கு பிள்ளைகளை வைத்து நடித்துக் காட்டினேன். இரண்டு பேர் சோணையறை, இரண்டு பேர் இதயவறை, மற்றவர்கள் சிவப்பு, நீலக் கடதாசியோடு குருதியாக நடந்தார்கள். அதை இப்போதும் மின்சாரம் இருக்கும்போதே செய்கிறேன்.

பாடத்தின் கடைசி எட்டு நிமிடம் எறியி அணைந்திருக்கும், புத்தகம் மூடியிருக்கும். வெறும் தாளில் இதயத்தை வரைந்து குருதியின் பாதையை அம்புக்குறியால் காட்ட வேண்டும். படம் அழகாக இருக்கத் தேவையில்லை, நான்கு பெட்டி போட்டாலும் சரி. நான் வரிசைகளுக்கிடையே நடந்து அம்புக்குறிகளை மட்டும் பார்ப்பேன். அன்று எந்த இடத்தில் பலர் பிழைவிட்டார்களோ, அசைபடத்தில் அந்தப் பத்து செக்கனை மட்டும் அடுத்த நாள் பாடத்தின் தொடக்கத்தில் மறுபடி ஓடவிடுவேன்.